தராசு யார் கையில்?

(பதுளையில் நடந்த தோட்டத் தலைவர்கள், மாதர் பிரிவுத் தலைவிமார், இளைஞர் பிரிவினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பசறை, லுணுகலை, நமுனுகுலை என்று தூரத்துத் தோட்டங்களிலிருந்து விடியற்காலையிலேயே பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கத்து ஆட்கள் மழையில் நனைந்துகொண்டு வந்திருக்கிறார்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

போன மாதம் தரம் ஐந்துப் பிள்ளைகளை 'வருங்காலத்தில் நமது தோட்டம்' என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னோம். ஒரு பிள்ளை மட்டும் எழுதாமல் உட்கார்ந்திருந்தாள். ஏன் என்று கேட்டோம். "டீவியில ரோபோ வந்து எல்லா வேலையும் செய்யும்னு சொன்னாங்க. அப்ப எங்க அம்மாவுக்கு வேலை இருக்குமா?" என்று கேட்டாள். அன்றைக்கு அவளுக்குச் சரியான பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலை உங்களோடு சேர்ந்து தேடத்தான் இன்று இந்தப் பேச்சு.

தோட்டத்துக்கு மெஷின் ஒன்றும் புதிதில்லை. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்ட காலத்தில் கொழுந்தைக் கையால்தான் கசக்கினார்கள். பிறகு ரோலர் வந்தது. ஹப்புத்தளைக்கு மேலே தம்பேதென்னையில் தோமஸ் லிப்டன் 1890இல் ஸ்டோர் கட்டினார். அந்தக் கட்டடம் இன்றைக்கும் நிற்கிறது. நம் அம்மாமார் காலத்தில் ஸ்டோரில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தூளிலிருந்து காம்பு பொறுக்கினார்கள். இன்று அந்த இடத்தில் கலர் சோர்ட்டர் மெஷின் ஓடுகிறது. தூள் விழுகிறபோதே கேமரா நிறத்தைப் பார்க்கிறது, காம்பு என்று கண்டால் காற்றை ஊதித் தள்ளிவிடுகிறது. வேலை நன்றாகத்தான் நடக்கிறது. ஆனால் காம்பு பொறுக்கிய அந்தப் பெண்கள் எங்கே போனார்கள், மெஷினால் மிச்சமான காசு யாருக்குப் போனது என்று அன்றைக்கு நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

இப்போது எல்லோரும் ஏஐ, ஏஐ என்கிறார்கள். தமிழில் செயற்கை நுண்ணறிவு. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். முதன்முதலாக மலைக்குப் போன நாளை நினைத்துப் பாருங்கள். யாரும் நமக்குப் புத்தகம் கொடுத்துக் கொழுந்து எடுக்கப் பழக்கவில்லை. அம்மாவோ பெரியம்மாவோ பக்கத்து நிரையில் நின்று, "இதை எடு, இது முத்தல், விடு" என்றார்கள். ஆயிரம் தடவை பார்த்துப் பார்த்து விரலுக்குப் பழகியது. கம்ப்யூட்டரையும் இப்படித்தான் பழக்குகிறார்கள். இது நல்ல கொழுந்து, இது முத்தல் என்று இலட்சக்கணக்கான படங்களைக் காட்டுகிறார்கள். பிறகு புதிதாக ஒரு படத்தைக் காட்டினால் அது தானே சொல்கிறது.

ஆனால் காட்டியது எதுவோ, அதைத்தான் அது படிக்கும். காய்ந்த காலத்துக் கொழுந்தை மட்டும் காட்டிப் பழக்கினால் மழைக்காலத்துக் கொழுந்தைப் பார்த்துத் தடுமாறும். தடுமாறுகிறோம் என்பதும் அதற்குத் தெரியாது. தப்பாகச் சொல்லும்போதும் அதே தைரியத்தோடுதான் சொல்லும். அசாமில் கொழுந்தைக் கேமராவுக்குக் காட்டி, நல்ல இலை நூற்றுக்கு எத்தனை என்று சொல்லும் கருவிகள் வந்துவிட்டன. நாளைக்கு அது நம் மடுவத்துக்கும் வரலாம். அப்போது "உன் கொழுந்து சரியில்லை" என்று சொல்வது கணக்கப்பிள்ளையாக இருக்காது, கேமராவாக இருக்கும்.

மலைக்கு வருவோம். ஜப்பானில் நூறு வருஷத்துக்கு முன்பே கத்தரியால் கொழுந்து வெட்டத் தொடங்கிவிட்டார்கள். பிறகு இரண்டு பேர் தூக்கிப் பிடிக்கும் மோட்டார் மெஷின் வந்தது. இப்போது தரையான நிலத்தில் ஆள் ஏறி உட்கார்ந்து ஓட்டும் மெஷினே இருக்கிறது. தமிழ்நாட்டில் வால்பாறை, நீலகிரித் தோட்டங்களிலும் கத்தரி வந்து பல காலமாகிறது. நமது தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையமும் கொழுந்து வெட்டும் கத்தரி செய்திருக்கிறது. ஊவாவிலும் சில இடங்களில் கத்தரியும் மோட்டார் மெஷினும் மலை ஏறிவிட்டன. மருந்தடிக்க, உரம் தெளிக்க ட்ரோன் பறக்கவும் பார்த்திருக்கிறீர்கள்.

நமது மலைகள் செங்குத்தானவை. ஓட்டுகிற மெஷின் இங்கே ஏறாது. பழைய தேயிலை வயிறு ஒட்டி, இடைவெளி விழுந்து கிடக்கிற மலையில் இரண்டு பேர் மெஷினைப் பிடித்து நடப்பதும் சுலபமில்லை. கத்தரிக்கும் மெஷினுக்கும் இரண்டு இலையும் ஒரு மொட்டும் தெரியாது. மட்டத்துக்கு மேலே நிற்பதையெல்லாம் வெட்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்றில் ஊவாத் தேயிலைக்கு வருகிற அந்த வாசனைக்குத்தான் உலகச் சந்தையில் பெயர். முத்தலும் குச்சியும் சேர்ந்து போனால் அந்தப் பெயர் நிற்குமா என்பதைக் கம்பனிகளும் யோசிக்க வேண்டும். ஆகவே நாளைக் காலையில் ரோபோ வந்து கூடையைப் பிடுங்கிவிடும் என்று நினைத்து யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அதற்கு முன்னாலேயே நம் மடுவத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்ட ஒன்று இருக்கிறது. அதுதான் டிஜிட்டல் தராசு.

நமக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். தோட்டத்தின் பெயர் வேண்டாம், கதை எல்லோருக்கும் பொருந்தும். அங்கே பழைய தொங்கு தராசு போய் புதிய தராசு வந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு கார்ட். கார்டைக் காட்டிக் கொழுந்தை வைத்தால் கிலோ நேராக ஒப்பீஸ் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். நம் ஆட்களும் சந்தோஷப்பட்டார்கள். இனிமேல் கணக்கப்பிள்ளை பென்சிலால் எழுதி அழிக்க முடியாது அல்லவா?

இரண்டு மாதம் போனது. பெண்கள் சிலருக்கு அரைப் பேர் விழத் தொடங்கியது. "நாங்க எடுத்த கொழுந்து எங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார்கள். ஒவ்வொரு நிறுவைக்கும் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று இரண்டு கிலோ கழிகிறது என்று தெரியவந்தது. நாளைக்கு மூன்று நிறுவை, ஆறு கிலோ. வெயில் அடித்தாலும் ஆறு கிலோ, மழை பெய்தாலும் ஆறு கிலோ.

கழிவு முன்பும் இருந்ததுதான். ஆனால் முன்பு கணக்கப்பிள்ளையோடு சண்டை போடலாம். "ஐயா, இன்னைக்கு நல்ல வெயிலு, ஈரம் எங்க இருக்கு?" என்று கேட்டால் அவரும் மனிதர்தானே, ஒரு கிலோவையாவது விட்டுக்கொடுப்பார். இப்போது கேட்டபோது அவர் சொன்ன பதில், "நான் ஒண்ணும் செய்யல அக்கா, மெஷின்தான் கழிக்குது."

தோழர்களே, இந்த ஒரு வாக்கியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் தானாகக் கழிக்காது. இரண்டு என்ற அந்த எண்ணை யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து அடித்து வைத்திருக்கிறார். மெஷினுக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார், அவருக்குப் பின்னால் ஒரு உத்தரவு இருக்கிறது. மெஷினைக் காட்டி அந்த ஆள் மறைந்துகொள்கிறார். நாமும் மெஷினை முறைத்துப் பார்த்துவிட்டு லயத்துக்குத் திரும்பிவிடுகிறோம்.

அந்தத் தோட்டத்துப் பெண்கள் திரும்பிவிடவில்லை. ஒரு தலைவியின் மகள் சாதாரண தரம் எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். ஒரு கொப்பியில் கோடு போட்டுக் கொடுத்தாள். பன்னிரண்டு பெண்கள், மூன்று நிறுவை, தராசில் காட்டிய கிலோ, கழித்த கிலோ, பதிந்த கிலோ. போன் வைத்திருந்தவர்கள் தராசு முகத்தைப் படம் பிடித்தார்கள். மாத முடிவில் கொப்பியையும் சம்பளத் துண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கழிவு போக, சில நாட்களில் ஒரு முழு நிறுவையே பதியாமல் விட்டுப்போயிருந்தது. சிக்னல் இல்லாத மலையில் நிறுத்த கொழுந்து அது. கொப்பியோடு தோட்டத் தலைவரும் மாவட்டக் காரியாலயமும் ஒப்பீஸுக்குப் போனபோது அதிகம் பேச வேண்டி வரவில்லை. விட்டுப்போன நாட்களுக்கு முழுப் பேர் கிடைத்தது. வெயில் நாளில் ஈரக் கழிவு நின்றது. சாக்குக் கழிவைப் பற்றி இன்னும் பேச்சு நடக்கிறது.

இது நமக்கு மட்டும் நடக்கிற விஷயமும் இல்லை. நமக்குத் தேயிலைக் கணக்கு எழுதப் பழக்கிய அந்த இங்கிலாந்திலேயே நடந்தது. அங்கே 1999 முதல் தபால் கந்தோர்களுக்கு ஹொரைசன் என்று ஒரு கம்ப்யூட்டர் முறை கொண்டுவந்தார்கள். சின்னச் சின்ன ஊர்களில் கடையோடு சேர்த்துத் தபால் கந்தோர் நடத்தியவர்களின் கணக்கில் காசு குறைகிறது என்று கம்ப்யூட்டர் சொன்னது. அவர்கள், "நாங்கள் எடுக்கவில்லை" என்றார்கள். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று வழக்குப் போட்டார்கள். தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள், வீட்டை விற்றார்கள், சிலர் உயிரையும் விட்டார்கள். கடைசியில் 555 பேர் ஒன்றுசேர்ந்து வழக்காடினார்கள். கம்ப்யூட்டர் முறையில்தான் பிழை இருந்தது என்று 2019 டிசம்பரில் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2024இல் தனிச் சட்டம் போட்டு அந்தத் தண்டனைகளை நீக்கினார்கள்.

அவர்கள் இங்கிலீஷ் பேசுகிறவர்கள், படித்தவர்கள், கடை வைத்திருந்தவர்கள். ஒவ்வொருவரிடமும் உனக்கு மட்டும்தான் இப்படி நடக்கிறது என்று சொல்லி வைத்திருந்ததால் இருபது வருஷம் போனது. ஒருவரையொருவர் கண்டுபிடித்த பிறகுதான் விடிந்தது. நமது பன்னிரண்டு பெண்கள் ஒரு மாதத்தில் கண்டுபிடித்தார்கள். ஒரே மடுவத்தில் நின்று ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டதால்தான் அது முடிந்தது. சங்கம் என்றால் அதுதான்.

அடுத்து கென்யாவைப் பார்ப்போம். கெரிச்சோ என்பது அங்கே நம் ஊவாவைப் போன்ற தேயிலை நாடு. கொழுந்து எடுக்கும் மெஷினை எதிர்த்து 2010இலேயே அங்கே தொழிலாளர் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். மெஷின் நிற்கவில்லை. கெரிச்சோவில் மட்டும் பத்து வருஷத்துக்குள் சுமார் 30,000 வேலைகள் மெஷினால் போனதாக அங்குள்ள அரசாங்கக் குழு ஒன்று சொன்னது. 2023 மே மாதம் மக்கள் கொதித்துப்போய் மெஷின்களுக்குத் தீ வைத்தார்கள். அந்தக் கலவரத்தில் ஒரு உயிரும் போனது. அவர்களின் கோபத்தை நாம் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் எரிந்த மெஷினுக்குக் காப்புறுதி கிடைக்கும். போன உயிருக்கும் போன வேலைக்கும் என்ன கிடைக்கும்? மெஷின் மலைக்கு ஏறிய பிறகு சண்டை பிடிப்பதைவிட, ஏறுவதற்கு முன் பேசி எழுதி வாங்குவது மேல் என்பதுதான் கெரிச்சோ நமக்குச் சொல்லும் பாடம்.

அப்படிச் செய்து வென்றவர்களும் இருக்கிறார்கள். 2023இல் அமெரிக்காவில் சினிமாவுக்குக் கதை எழுதுகிறவர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏஐயைப் பாவிக்கும்படி எழுத்தாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது, அதைக் காட்டிச் சம்பளத்தைக் குறைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள்.

நாம் மெஷினுக்கு எதிரிகளா? இல்லை. முப்பது கிலோவை முதுகில் சுமந்து கழுத்தெலும்பு தேய்ந்த பெண்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். கொழுந்துச் சாக்கை மலையிலிருந்து ரோட்டுக்கு இறக்க ஒரு மெஷின் வந்தால் கும்பிட்டு வரவேற்போம். மருந்து டேங்கியை முதுகில் கட்டிக்கொண்டு விஷத்தைச் சுவாசிப்பதைவிட ட்ரோன் அடிப்பது நல்லதுதான். போனில் இருக்கிற ஏஐயும் நமக்கு உதவும். ஒப்பீஸிலிருந்தும் கந்தோரிலிருந்தும் சிங்களத்திலோ இங்கிலீஷிலோ கடிதம் வரும். நம் பெரியவர்கள் வாசிக்காமலே கைநாட்டு வைத்த காலம் இருந்தது. இன்று படம் பிடித்தால் போன் தமிழில் சொல்கிறது. பிழையும் விடும், அதனால் கையெழுத்து வைக்கும் முன் மொழி தெரிந்த இன்னொருவரிடமும் கட்டாயம் காட்டுங்கள்.

நம் கேள்வி இலாபத்தைப் பற்றியது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கையால் 20 கிலோ எடுக்கிற ஒருவர் கத்தரியால் 40 கிலோ எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கூடுதலான 20 கிலோ யாருக்கு? 2021இல் நாள் சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானி வந்ததும் பல மலைகளில் கேட்கிற கிலோ கூடியதை மறந்திருக்க மாட்டீர்கள். 2024 செப்டம்பரில் 1,350 ரூபாய் வந்தபோதும் கிலோப் பேச்சுத்தான் முன்னால் வந்தது. மெஷினையும் அப்படியே நடத்தினால், மெஷினின் பலம் கம்பனிக்கு, மெஷினின் பாரம் நமக்கு என்றாகும். இன்னொன்றையும் கவனியுங்கள். மெஷின் ஆண் பிள்ளைகள் கையில் கொடுக்கப்படுகிறது, பின்னால் சாக்குப் பிடிக்கப் பெண்களை விடுகிறார்கள். இருநூறு வருஷமாக இந்த நாட்டுக்கு உழைத்த மக்களில், கொழுந்து எடுத்த கை பெண்களின் கை. பழக்கினால் அவர்களுக்கு மெஷின் ஓட்டத் தெரியாதா?

நம்மை வீட்டுக்கு அனுப்புகிற விதமும் வேறு. "நீ நாளைக்கு வராதே" என்று யாரும் சொல்வதில்லை. வாரத்தில் ஆறு நாள் வேலை நான்கு நாளாகும், நான்கு மூன்றாகும். ஓய்வு பெற்றவர் இடத்துக்குப் பேர் பதிய மாட்டார்கள். 1992இல் கம்பனிகள் தோட்டங்களைப் பொறுப்பெடுத்தபோது இருந்த தொழிலாளரில் பாதிப் பேர்கூட இன்றைக்குச் செக்ரோலில் இல்லை. பிள்ளைகள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போனதும் உண்மை. ஆள் இல்லை, அதனால் மெஷின் என்கிறார்கள். சம்பளமும் மரியாதையும் இருந்திருந்தால் ஆள் இருந்திருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சட்டம் நம்மை முழுவதும் கைவிட்டுவிடவில்லை. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்து மூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். தெரியாத பேப்பரில் கையெழுத்து வைத்தால் அந்தச் சம்மதத்தை நாமே கொடுத்தவர்களாவோம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. மனிதர் பார்க்காமல் கம்ப்யூட்டர் மட்டும் எடுத்த முடிவால் ஒருவர் பெரிதாகப் பாதிக்கப்பட்டால், அதை மீண்டும் பார்க்கச் சொல்லும் உரிமையை அது எழுதி வைத்திருக்கிறது. அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவதைத் தள்ளிப்போட்டார்கள். தள்ளிப்போடாதே என்று கேட்கும் குரலில் தோட்டத்துக் குரலும் சேர வேண்டும்.

நாம் கேட்பது புதிதும் இல்லை. 1940இல் இதே பதுளைக்குப் பக்கத்தில் வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். தாங்களே தேர்ந்தெடுத்த தொழிலாளர் சபை ஒன்றை அமைத்தார்கள். அந்தச் சபையோடு கலந்துபேசித்தான் தோட்டத்தை நடத்துவேன் என்று வெள்ளைக்காரத் துரையை ஒப்புக்கொள்ள வைத்தார்கள். பிறகு பொலிஸை வைத்து அடக்கினார்கள், அது வேறு கதை. படிப்பு கைக்கு எட்டாத காலத்திலேயே, "எங்களைக் கேட்காமல் செய்யாதே" என்று நம் தாத்தா பாட்டிமார் கேட்டார்கள். நாம் இன்று கேட்பதும் அதுதான்.

ஆகவே இந்தக் கூட்டத்தில் ஐந்து கோரிக்கைகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, எந்த மெஷினும் எந்தக் கணக்கு முறையும் மலைக்கு வரும் முன் தோட்டக் கமிட்டியோடு பேசி எழுத்தில் ஒப்பந்தம் செய்ய வேண்டும்.

இரண்டாவது, தராசு முகம் நிறுக்கிறவருக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொரு நிறுவைக்கும் தமிழில் துண்டு வேண்டும். கழிவு எவ்வளவு, ஏன் என்று அதில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, கேமராவோ கம்ப்யூட்டரோ சொன்னதை வைத்து மட்டும் யாருடைய பேரையும் வெட்டக் கூடாது. அதே நாளில் கேட்டுத் திருத்த ஒரு மனிதர் இருக்க வேண்டும்.

நான்காவது, மெஷினால் கூடும் வருமானத்தில் தொழிலாளருக்குப் பங்கு வேண்டும். மெஷின் வந்தாலும் வேலை நாள் குறையக் கூடாது.

ஐந்தாவது, மெஷின் பழக்கும்போது பெண்களையும் சமமாகப் பழக்க வேண்டும்.

நமக்கு நாமே செய்துகொள்ள வேண்டியதும் ஒன்று உண்டு. தோட்டத்துக்கு ஒரு நிறுவைக் கொப்பி. மூன்று வரி எழுதத் தெரிந்தால் போதும். வீட்டில் சாதாரண தரம், உயர்தரம் படித்த பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையைக் கொப்பிக்குப் பொறுப்பாக்குங்கள். படித்து என்ன பிரயோசனம் என்று கேட்கிற பிள்ளைக்கு, அம்மாவின் ஆறு கிலோவைத் திருப்பி வாங்கிக் கொடுப்பதைவிடப் பெரிய பிரயோசனம் என்ன இருக்கிறது? ஆசிரியர்கள் சார்பில் நாங்களும் ஒரு வாக்குக் கொடுக்கிறோம். சனிக்கிழமை பின்னேரம் பாடசாலைக் கதவு திறந்திருக்கும். சம்பளத் துண்டைக் கொண்டு வாருங்கள், பிள்ளைகளோடு உட்கார்ந்து சேர்ந்து கணக்குப் பார்ப்போம்.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போனதும் அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்ல வேண்டும். "அம்மாவுக்கு வேலை இருக்குமா என்பதை ரோபோ முடிவு செய்யாது மகள். ஆட்கள்தான் முடிவு செய்வார்கள். அந்த ஆட்களில் உன் அம்மாவும் ஒருத்தியாக இருக்க வேண்டும் என்றுதான் நாங்கள் சங்கம் வைத்திருக்கிறோம்" என்று சொல்லப் போகிறோம். பிறகு அவளிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, இன்றைக்கு அம்மா எத்தனை கிலோ எடுத்தாங்க என்று கேட்டு எழுதி வரச் சொல்லப் போகிறோம்.

உங்கள் வீட்டிலும் இன்றைக்கு இரவே ஒரு கொப்பியைத் திறந்துவிடுங்கள்.